“இதோ வந்துடறேன்” என்று சொல்லாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 10 மாதம். இன்னும் 7 வாரத்தில் பள்ளியில் சேர்க்கப் போகிறோம். எழுத்துகளையெல்லாம் அடையாளம் சொல்வான், 100 வரை எண்ணுவான். ஆனால் என்னை விட்டு ஒரு நிமிடம்கூட இருக்க மாட்டான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுவான். வெளியே போக வேண்டுமென்றால் அவன் கண்ணில் படாமல் நழுவித்தான் போகிறேன். மற்ற குழந்தைகளோடு சேர மாட்டான், அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து தனியாக விளையாடுவான். எழுதச் சொன்னால் பென்சிலைத் தூக்கி எறிகிறான். இரவு 11 மணிக்குத் தூங்கி காலை 9 மணிக்குத்தான் எழுகிறான். அவன் பேசுவதெல்லாம் எங்களுக்குப் புரியும். வெளி ஆட்களுக்குப் பாதிதான் புரிகிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். “இவன் இன்னும் தயாராகவில்லை, ஒரு வருடம் போகட்டும்” என்கிறார் மாமியார். “விட்டுட்டு வந்துடு, ரெண்டு நாள் அழுதா தானாப் பழகிடும்” என்கிறார் கணவர். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, அம்மாவை விட்டுப் பிரியாத குழந்தை என்ற வழக்கமான கவலையாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை இரண்டு வரிகளில் நின்றுவிட்டேன். ஒன்று, அவன் கண்ணில் படாமல் நழுவிப் போவது. இன்னொன்று, வெளி ஆட்களுக்கு அவன் பேச்சு பாதிதான் புரிகிறது என்பது. இரண்டையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை இரண்டும்தான் முக்கியமாகப் பட்டன.

நழுவிப் போவதிலிருந்து தொடங்குகிறேன். அழுகையைப் பார்க்கத் தாங்காமல்தான் அப்படிச் செய்கிறீர்கள். ஏறக்குறைய எல்லா அம்மாக்களும் செய்திருப்பார்கள். ஆனால் அவன் பக்கம் இருந்து பாருங்கள். பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். நிமிர்ந்து பார்த்தால் அம்மா இல்லை. எப்போது போனாள், எங்கே போனாள், வருவாளா, ஒன்றும் தெரியாது. இப்படி நாலைந்து தடவை நடந்தால் அவன் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறான்: நான் விளையாட்டில் மூழ்கினால் அம்மா காணாமல் போய்விடுவாள். அதன் பிறகு உங்களைக் காவல் காக்கத் தொடங்குகிறான். குளியலறை வாசலில் உட்கார்ந்திருப்பது அந்தக் காவல்தான். அதைச் செல்லம் என்றோ பிடிவாதம் என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு சிறுமி நினைவுக்கு வருகிறாள். பள்ளியில் சேர்ந்து மூன்று வாரமாகியும் பையை முதுகிலிருந்து கழற்ற மாட்டாள். வகுப்பு வாசலில், பையோடு, கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். டீச்சர் என்ன கேட்டாலும் பதில் வராது. காலையில் விடும்போது என்ன சொல்வீர்கள் என்று அவளுடைய அம்மாவிடம் கேட்டேன். “அஞ்சே நிமிஷம், இதோ வந்துடறேன்னு சொல்வேன், அப்பத்தான் கையை விடுவா” என்றார். அந்தக் குழந்தை அம்மா சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் கிளம்பப் போகிறவள் எதற்குப் பையைக் கழற்ற வேண்டும்? மறுநாளிலிருந்து சொல்வதை மாற்றினோம். “நீ விளையாடுவே, சாப்பிடுவே, அப்புறம் டீச்சர் கதை சொல்வாங்க. கதை முடிஞ்சதும் நான் வாசல்ல நிப்பேன்.” அன்று அதிகமாகத்தான் அழுதாள். நான்காம் நாள் பை ஆணியில் தொங்கியது.

ஆகவே உங்கள் மகனைப் பள்ளிக்குத் தயார் செய்வது என்றால், நான் முதலில் சொல்வது இதைத்தான். போகிற அம்மா திரும்பி வருவாள் என்பதை அவன் அனுபவத்தில் பார்க்க வேண்டும், அதுவும் பல முறை. சொல்லிப் புரிய வைக்கிற விஷயம் இல்லை இது. 7 வாரம் தாராளமாகப் போதும், இன்றே தொடங்கினால்.

முதல் நாட்களில் வீட்டுக்குள்ளேயே பழக்குங்கள். “அம்மா துணி காயப் போட்டுட்டு வரேன், நீ இந்தக் கட்டையெல்லாம் அடுக்கி முடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்னபடி வாருங்கள். வந்ததும் “சொன்னேன்ல, வந்துட்டேன்” என்று ஒரு வார்த்தை. இரண்டு மூன்று நிமிடத்தில் தொடங்கி மெல்ல நீட்டுங்கள். அப்புறம் அப்பாவிடமோ பாட்டியிடமோ விட்டுவிட்டு வெளியே அரை மணி நேரம். அதற்கும் அப்புறம் அவனுக்குத் தெரிந்த வேறொருவர் வீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அவன் அழுதாலும் சரி. அழுகிறானே என்று பாதியில் திரும்பி வராதீர்கள். சொன்ன நேரத்தைத் தாண்டியும் வராதீர்கள். நடுவில் ஒருநாள் பழையபடி நழுவினால் ஒரு வாரத்து உழைப்பு போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வருவீர்கள் என்பதை மணிக்கணக்கில் சொல்லாதீர்கள். இந்த வயதில் ‘12 மணி’ என்பது வெறும் சத்தம். எதற்குப் பிறகு எது என்ற வரிசை அவர்களுக்கு நன்றாகப் புரியும். சாப்பாட்டுக்குப் பிறகு, தூங்கி எழுந்த பிறகு, கதை முடிந்த பிறகு என்று சொல்லுங்கள். பள்ளியில் ஒரு நாள் எந்த வரிசையில் போகும் என்று முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை நாலைந்து சிறு படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அழகாக வரைய வேண்டியதில்லை, குச்சி மனிதர்கள் போதும். கடைசிப் படத்தில் வாசலில் நிற்கும் அம்மா இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் பிரியும்போது அழுதால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்தார். அம்மா சில நிமிடங்கள் அறையை விட்டு வெளியே போய்விட்டுத் திரும்பி வருவார். ஐன்ஸ்வொர்த் உன்னிப்பாகக் கவனித்தது அம்மா போனபோது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, திரும்பி வந்தபோது அது என்ன செய்தது என்பதை. அம்மாவிடம் போய் ஆறுதல் அடைந்து, மறுபடி விளையாட்டுக்குத் திரும்பிய குழந்தைகளைத்தான் பாதுகாப்பான பிணைப்பு உள்ளவர்கள் என்று அவர் வகைப்படுத்தினார். உங்கள் மகன் அவர்களைவிடப் பெரியவன், ஆனாலும் அந்தப் பார்வையை எடுத்துக்கொள்ளலாம். வாசலில் எத்தனை சத்தமாக அழுதான் என்று அளக்காதீர்கள். நீங்கள் வந்ததும் ஓடி வருகிறானா, அணைத்துக்கொண்டால் அடங்குகிறானா என்று பாருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் ஒரு பாதி எனக்குச் சம்மதம். விடைபெறுவது சுருக்கமாக இருக்க வேண்டும், இழுத்தால் அழுகை கூடும். மறு பாதியோடு உடன்பாடு இல்லை. தயார்ப்படுத்தாமல் விட்டுவிட்டு வந்தால் சில குழந்தைகள் அழுகையை நிறுத்திவிடுவார்கள், உண்மைதான். பழகிவிட்டான் என்று நாம் நினைத்துக்கொள்வோம். சில பேர் அழுதும் பயனில்லை என்று அமைதியாகிவிட்டவர்கள். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

மாமியார் கேட்கும் ஒரு வருடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்மாவை விட்டு இருக்க மாட்டான் என்ற காரணத்துக்காக மட்டும் தள்ளிப் போட வேண்டாம். பிரிந்து பழகாமல் இன்னொரு வருடம் வீட்டிலேயே இருந்தால், அடுத்த ஆண்டும் இதே வாசலில் நிற்பீர்கள். ஆனால் உங்கள் மாமியார் அவனைத் தினமும் பார்க்கிறவர். ‘தயாராகவில்லை’ என்று எதை வைத்துச் சொல்கிறார் என்று அவரிடம் நிதானமாகக் கேளுங்கள். ஒருவேளை அவர் கவனித்தது பேச்சையாக இருக்கலாம்.

அந்தப் பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்பதை இங்கே நான் ஏற்க மாட்டேன். 3 வயதுக் குழந்தை பேசுவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அறிமுகம் இல்லாதவர்களுக்கும் புரிய வேண்டும். 4 வயதில் பெரும்பாலும் எல்லாமே புரிய வேண்டும், ‘ர’, ‘ழ’ போன்ற சில ஒலிகள் சரியாக வராவிட்டாலும்கூட. 4 வயது ஆகப்போகும் உங்கள் மகன் பேசுவது பாதிதான் புரிகிறது என்றால் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது உண்டு. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. ஆனால் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் மந்தமாகக் கேட்கும். பக்கத்தில் பேசினால் கேட்கிறதே என்று வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. இருபது முப்பது குழந்தைகள் இரைச்சல் போடும் வகுப்பில் டீச்சர் சொல்வது பாதி கேட்காமல் போகும். சொல்பேச்சு கேட்காத பையன் என்று பெயர் வாங்கிவிடுவான். காது சரியாக இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) ஒருமுறை காட்டுங்கள். கண் பரிசோதனையையும் சேர்த்தே செய்துவிடலாம். ஒரு கண்ணில் பார்வை குறைவாக இருந்தால் குழந்தைக்கே தெரியாது, சின்ன வயதில் கண்டுபிடித்தால் சரிசெய்வது எளிது.

தன் பேச்சு வெளியில் புரியவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும், அதையும் யோசியுங்கள். வீட்டில் அவனுக்காக ‘மொழிபெயர்த்து’ச் சொல்பவர் நீங்கள்தான். அந்த ஆள் இல்லாத இடத்துக்குப் போகப் பயப்படாமல் என்ன செய்வான்?

இந்தக் காரணத்தால் ஒரு வேலையை இன்னும் அக்கறையாகச் செய்யச் சொல்கிறேன். சிறுநீர், மலம், தண்ணீர், வலி ஆகியவற்றுக்கு அவன் என்ன வார்த்தை சொல்கிறான் என்று ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் இதற்குச் செல்ல வார்த்தைகள் இருக்கும், வெளியில் யாருக்கும் அது தெரியாது. வகுப்பில் உடையை நனைத்துவிடும் குழந்தைகளில் எத்தனையோ பேர் கேட்டவர்கள்தான். கேட்டது டீச்சருக்குப் புரிந்திருக்காது. அதோடு “டீச்சர், உதவி வேணும்” என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் நன்றாகப் பழக்குங்கள். அது தெளிவாக வராவிட்டால் கையைத் தூக்கிக் காட்டவோ டீச்சரின் கையைத் தொட்டுக் கூப்பிடவோ சொல்லிக்கொடுங்கள். எழுத்துகளை அடையாளம் சொல்வதைவிட இந்த வாக்கியம்தான் அவனுக்கு முதல் மாதத்தில் கைகொடுக்கும்.

பென்சிலை எறிவது பற்றி: எறியட்டும். பென்சிலைக் கொஞ்ச காலம் எடுத்து வைத்துவிடுங்கள். மனித மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாக மாறுகின்றன, உங்கள் மகன் வயதில் பாதி வேலைகூட முடிந்திருக்காது. விரல்களின் சிறு தசைகளும் இன்னும் வலுப்பட வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் 3 வயதில் வட்டமும் 4 வயதில் கூட்டல் குறியும் வரைவார்கள், முக்கோணம் வர 5 வயது ஆகும். அதற்குள் வரிசையாக எழுத்துகளை எழுது என்றால் கையும் வலிக்கும், வெறுப்பும் வரும். காகிதம் கிழிக்கட்டும், களிமண் உருட்டட்டும், துணி மாட்டும் கிளிப்பை அழுத்தித் திறக்கட்டும், பஞ்சில் தண்ணீர் தொட்டுப் பிழியட்டும், தரையில் சாக்பீஸால் பெரிதாகக் கிறுக்கட்டும். எழுதுவதற்கான கை அங்கேதான் உருவாகிறது. எண்ணுவதும் எழுத்தைச் சொல்வதும் அவனுக்கு வருகிறது, மகிழ்ச்சி. அதை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள்.

மற்ற குழந்தைகளுக்குப் பக்கத்தில் தனியாக விளையாடுவதற்குக் கவலைப்பட வேண்டாம். 1932-லேயே மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். குழந்தைகள் முதலில் அருகருகே தனித்தனியாக விளையாடி, பிறகு பொருட்களைப் பரிமாறி, அதற்குப் பிறகுதான் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகிறார்கள். பக்கத்தில் போய் உட்காருகிறான் அல்லவா, அதுவே நல்ல அறிகுறி. பேச்சு தெளிவானால் இதுவும் சேர்ந்தே மாறும் என்று நினைக்கிறேன்.

தூக்கத்துக்கு மட்டும் கணக்கு போட்டே ஆக வேண்டும். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. இப்போது அவனுக்கு 10 மணி நேரம் கிடைக்கிறது. பள்ளி தொடங்கியதும் காலையில் இரண்டரை மணி நேரம் முன்னதாக எழுப்பினால், 11 மணிக்குத் தூங்குகிறவனுக்கு ஏழரை மணி நேரம்தான் மிஞ்சும். தூக்கம் போதாத குழந்தை எதற்கும் அழும். அதைப் பார்த்துப் பள்ளி பிடிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். ஒரே நாளில் மாற்ற முயன்றால் சண்டைதான் வரும். மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். இரண்டரை மணி நேரம் என்பது பத்துப் படி, 30 நாளில் முடிந்துவிடும். தூங்கும் நேரத்தைவிட எழுந்திருக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருக்கட்டும். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, செல்போன் எல்லாம் அணைந்துவிட வேண்டும், வீட்டில் எல்லோருடையதும்.

சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், பை, செருப்பு அல்லது ஷூ ஆகியவற்றை முன்பே வாங்கி, பள்ளியில் பயன்படுத்தப் போவது போலவே வீட்டில் பயன்படுத்த விடுங்கள். தரையில் உட்கார்ந்து, உங்கள் உதவி இல்லாமல், டப்பாவைத் திறந்து சாப்பிட்டு மூடட்டும். அழகான டப்பாவைவிட அவன் விரலுக்குத் திறக்கக்கூடிய டப்பா முக்கியம். கால்சட்டை எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். பட்டன், ஜிப், பெல்ட் எல்லாம் அவசரத்துக்கு ஆகாது. வீட்டில் இல்லாத மாதிரியான கழிப்பறையையும் ஒன்றிரண்டு இடங்களில் பழக்கிவிடுங்கள். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் வீடு வரும்வரை அடக்கிக்கொள்ளும் குழந்தைகள் நிறைய.

வீட்டில் யாராவது “சேட்டை பண்ணா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்”, “ஸ்கூல் போனா எல்லாம் சரியாகும்” என்று சொல்கிறார்களா? இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். தெரியாத ஒரு மனிதரைத் தண்டனை கொடுப்பவராக அறிமுகம் செய்துவிட்டு, பிறகு அவர் கையிலேயே குழந்தையை ஒப்படைக்கிறோம். இது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

பள்ளி விளையாட்டு ஆடிப் பாருங்கள். அவன் டீச்சர், நீங்கள் குழந்தை. அழுகிற குழந்தையாக நடித்து, “எங்கம்மா எப்ப வருவாங்க டீச்சர்?” என்று கேளுங்கள். அவன் என்ன பதில் சொல்கிறான் என்று கவனியுங்கள். அவன் மனதில் என்ன பயம் இருக்கிறது என்பது நேராகக் கேட்டால் வராது, இப்படி வரும். முடிந்தால் பள்ளி திறப்பதற்கு முன் ஒன்றிரண்டு முறை அங்கே அழைத்துப் போய் வாசல், வகுப்பு, கழிப்பறை மூன்றையும் காட்டிவிடுங்கள்.

முதல் நாள் காலையில் உங்கள் முகம் அவனுக்கு ரொம்ப முக்கியம். தெரியாத இடத்தில் இது ஆபத்தா இல்லையா என்று குழந்தைகள் பெற்றோர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். உங்களுக்கு அழுகை வரும் என்று தெரிந்தால் முதல் சில நாட்கள் அப்பா கொண்டுபோய் விடட்டும். அதில் குறைவு ஒன்றுமில்லை. அணைப்பு, எப்போது வருவோம் என்ற ஒரு வாக்கியம், டீச்சர் கையில் ஒப்படைப்பு, அவ்வளவுதான். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். அடங்கியிருக்கும் குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எப்படி இருக்கிறான் என்று அரை மணி நேரம் கழித்துப் பள்ளிக்குப் போன் செய்து கேளுங்கள். முதல் இரண்டு வாரம் கூப்பிடப் போகும்போது ஐந்து நிமிடம்கூடத் தாமதமாகாதீர்கள். மற்ற குழந்தைகள் எல்லாம் போய், தான் மட்டும் நிற்கும் அந்த ஐந்து நிமிடம் அவனுக்கு மிக நீளமானது.

வீட்டுக்கு வந்ததும் “இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே?” என்று தொடங்காதீர்கள். பள்ளியில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு வீட்டுப்படி ஏறியதும் ஒன்றுமில்லாததற்கு அலறி அழலாம். காலையிலிருந்து அடக்கி வைத்ததை நம்பிக்கையான இடத்தில் இறக்கி வைக்கிறான். சாப்பாடு, மடி, கொஞ்ச நேரம் அமைதி போதும். கதைகள் தூங்கப் போகும்போது தானாக வெளியே வரும். இரண்டாம் வாரத்திலோ, விடுமுறை முடிந்த மறுநாளோ, காய்ச்சல் வந்து தேறிய பிறகோ அழுகை திரும்ப வரும். நின்றிருந்த படுக்கை நனைப்பும் வரலாம். அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு மாதம் தாண்டியும் தினமும் அதே அளவு தவித்தால், காலையில் வாந்தி, வயிற்றுவலி என்று தொடர்ந்தால், அல்லது முதல் மாதம் கழிந்த பிறகும் வீட்டில் பேசுகிறவன் பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே இருந்தால் குழந்தைகள் நல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். திடீரென்று ஒருநாள் குறிப்பிட்ட ஓர் ஆளைப் பார்த்தோ ஓர் இடத்துக்குப் போகவோ பயப்பட்டால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றே கேளுங்கள், அவன் சொல்வதை நம்புங்கள்.

இவற்றில் காது பரிசோதனைக்கு மட்டும் இந்த வாரமே நேரம் வாங்கிவிடுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு அவன் ஆசிரியரிடம் என்னென்ன கேட்கலாம் என்று சொல்கிறேன். நாளைக்கு வெளியே கிளம்பும்போது அவன் முன்னால் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.